பூஜ்யம் சென்டிமீட்டர் சதை

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பத்தொன்பதுக்கு அந்தச் சதைத் துணுக்கு வந்து சேர்ந்தது. விரல் உயரக் குப்பி, பாதி வரை ஃபார்மலின், அடியில் எள்ளில் கால் பாகம். குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தால் தெரியும். மூச்சை விட்டால் காணாமல் போய்விடும்.

பார்த்துக்கொண்டிருந்தவரை ஆஸ்பத்திரியில் எல்லோரும் மெழுகு என்று கூப்பிட்டார்கள். பதினேழு வருடமாகத் திசுக்கூடத்தில் மெழுகுக் கட்டி பிடிக்கிறவர். உடம்பிலிருந்து வெட்டி எடுத்த துண்டை மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டித் தருவது அவர் வேலை. துண்டு மிகவும் சிறியதாக இருந்தால் நேரே மெழுகுக்குக் கொண்டுபோக முடியாது. வழியில் ஏதாவது ஒரு திரவத்தில் தொலையும். அதற்குத்தான் ஜெல். வெந்நீரில் உருக்கிய ஜெல்லை ஒரு சொட்டு விட்டு, துணுக்கை அதற்குள் நிறுத்தி ஆறவைத்தால் இறுகிவிடும். பிறகு சந்தையில் பிள்ளையின் கையை விடாத தாய் மாதிரி, ஜெல் போகிற இடமெல்லாம் துணுக்கும் போகும்.

ஆறு வருடமாக அப்படித்தான் செய்துவந்தார். எப்படிச் செய்கிறீர்கள் என்று யாரும் கேட்டதில்லை. அதனால் எல்லாம் ஒழுங்காக நடந்தது.

இந்தத் துணுக்கு ஒரு தையல்காரியின் வலது கண்ணுக்குப் பின்னாலிருந்து ஊசியால் எடுத்தது. அவளுக்கு இடது கண்ணில் சின்ன வயதிலிருந்தே பார்வை மங்கல். மறுபடி ஊசியால் எடுத்தால் வலது கண்ணும் போய்விடும் என்று கண் டாக்டர் எழுதியிருந்தார். துணுக்குக்குச் சாயம் ஏற்றிப் பார்க்க வேண்டும். பழுப்பு நிறம் பிடித்தால் மருந்திலேயே கரைகிற கட்டி. பிடிக்காவிட்டால் கண்ணையே எடுக்க வேண்டிய கட்டி. வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஆபரேஷன் தியேட்டர் குறித்தாகிவிட்டது. அதற்குள் சொல்லியாக வேண்டும். ஃபார்மலினில் நாள் கூடக் கூடச் சாயமும் சரியாகப் பிடிக்காது.

மெழுகு குப்பியோடு பதிவு மேசைக்குப் போனார்.

"நீளம்?" என்றார் பதிவு அலுவலர்.

"அரை மில்லிகூட இல்லை சார். சென்டிமீட்டர்ல பூஜ்யம் புள்ளி பூஜ்யம் நாலு."

அலுவலர் தட்டினார். புதிய கணினி புள்ளிக்குப் பிறகு ஓர் இலக்கத்தைத்தான் வைத்துக்கொள்ளும். மிச்சத்தை விழுங்கிவிட்டது.

"அகலம்?"

"அதே."

"உயரம்?"

"அதேதான் சார்."

அலுவலர் சாய்ந்து உட்கார்ந்தார். "நீளம் பூஜ்யம், அகலம் பூஜ்யம், உயரம் பூஜ்யம். நீங்களே சொல்லுங்க, அப்படி ஒரு பொருள் உலகத்துல இருக்குமா?"

"என் கையில இருக்கு சார். இதோ."

அலுவலர் குப்பியைப் பார்க்கவில்லை. திரையைத்தான் பார்த்தார். "உங்க கையில இருந்தா உங்க பொறுப்பு. என் திரையில ஏறினாத்தான் ஆஸ்பத்திரி பொறுப்பு. தரத்துக்குப் போய்ப் பாருங்க."

தர மேன்மைப் பிரிவு வந்து நான்கு மாதம் ஆகிறது. மூன்றாவது மாடியில், கம்பளம் விரித்த ஒரே அறை அதுதான். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் மெழுகு ஒன்றைக் கழற்றினார், ஒன்றைப் போட்டுக்கொண்டு நின்றார். பிரிவின் தலைவி இதற்கு முன் ஒரு பெரிய ஓட்டலில் துவாலைகளின் மென்மையை அளந்தவர். அவரை எல்லோரும் தரம் மேடம் என்பார்கள்.

மெழுகு விஷயத்தைச் சொன்னார். மேடம் கடைசி வாக்கியத்தில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார்.

"ஜெல்லா? அது எதுல செஞ்சது?"

"கடல்பாசி மேடம்."

"சாப்பிடலாமா?"

"சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது. ஆனா யாரும் சாப்பிட மாட்டாங்க."

"சாப்பிடக்கூடிய பொருள் லேப்ல இருக்கக் கூடாது. அது கேன்டீன்லதான் இருக்கணும். விதி பதினாலு."

"மேடம், இதை யாருமே சாப்பிடறது இல்லை."

"கேன்டீன்ல இருக்கிறதையும்தான் யாரும் சாப்பிடறது இல்லை. அதுக்காக விதியை மாத்த முடியுமா?"

அன்று மதியம் இரண்டு காவலர்கள் தள்ளுவண்டியில் வைத்து ஜெல் புட்டியைக் கேன்டீனுக்குக் கொண்டுபோனார்கள். புட்டி உள்ளங்கை அளவு. வண்டி கட்டில் அளவு.

துணுக்கின் விஷயத்துக்காக நுண்மாதிரி ஏற்புக் குழு என்று ஒன்று அன்றே அமைக்கப்பட்டது. நாளை மூன்று மணிக்குக் கூடும். அதுவரை துணுக்கு எங்கே இருப்பது என்ற கேள்விக்கு மேடம், "எது?" என்று கேட்டார். ஆக, கணக்கில் இல்லாத குப்பியைத் துப்புரவுப் பணியாளர் எந்த நேரத்திலும் குப்பையில் போடலாம். மெழுகு அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

திசுக்கூடத்துக்கு வெளியே பெஞ்சில் தையல்காரி உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது. கழற்ற மறந்திருப்பாள். பக்கத்தில் அவள் தம்பி, பஸ் டிரைவர், காக்கிச் சட்டையோடு.

"அண்ணே, என்னோடது வந்துடுச்சா?"

"வந்துடுச்சும்மா."

"ரொம்பச் சின்னதுன்னு சொன்னாங்களே. போதுமா?"

"போதும்."

"நான்கூட அரை சாண் துணி மிஞ்சினா ஒரு பை தைச்சிடுவேன். உங்களுக்கும் அப்படித்தானே?"

"அவ தைக்கிற லட்சணம் உங்களுக்குத் தெரியாது சார்," என்றான் தம்பி. "எனக்குத் தைச்ச சட்டையில ஒரு கை முழங்கை வரைக்கும், ஒரு கை மணிக்கட்டு வரைக்கும்."

"டேய், நீ ஸ்டியரிங் புடிச்சுப் புடிச்சு உன் கை கோணிப்போச்சு. சட்டையைக் குறை சொல்றான் பாருங்கண்ணே."

மெழுகு சிரித்தார். கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தது.

அன்று சாப்பிடும்போதும் தொட்டது. பாத்திரம் கழுவும்போதும் தொட்டது. "வந்ததுலேருந்து பாக்கெட்டையே தடவிட்டு இருக்கீங்க," என்றாள் மனைவி. "என்ன, லவ் லெட்டரா?"

"ஒருத்தரோட கண்ணு."

அவருக்கு உட்கார இருப்புக் கொள்ளவில்லை. நின்றாலும் கால் தரிக்கவில்லை.

புதன்கிழமை மூன்று மணிக்குக் குழு கூடியது. தரம், பதிவு, பாதுகாப்பு, கட்டடப் பராமரிப்பு, விளம்பரம் என்று ஐந்து பேர். திசுக்கூடத்திலிருந்து யாரையும் சேர்க்கவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் ஒரு பக்கம் சாய்ந்து பேசிவிடுவார்கள் என்று மேடம் விளக்கினார்.

முதலில் ஜெல் எப்படி வேலை செய்கிறது என்று குழு பார்க்க விரும்பியது. கேன்டீன்காரர் உருக்கிய ஜெல்லை ஃப்ளாஸ்கில் கொண்டுவந்து வைத்தார். வரவேற்புரை தொடங்கியது. முடிவதற்குள் ஜெல் இறுகிவிட்டது. கேன்டீன்காரர் எடுத்துப்போய் மறுபடி உருக்கிக்கொண்டுவந்தார். அப்போது குழுவின் நோக்கம் வாசிக்கப்பட்டது. மறுபடி இறுகிவிட்டது. மூன்றாம் முறை போகும்போது கேன்டீன்காரர் மெழுகின் காதருகே குனிந்தார். "இவங்க வாயை மூடறதுக்குள்ள என் காஸ் தீர்ந்துடும்ணே."

நான்காம் முறை மெழுகு யாரையும் கேட்கவில்லை. உரை நடந்துகொண்டிருக்கும்போதே சின்ன அச்சில் ஜெல்லை ஊற்றினார். உண்மைத் துணுக்கை அந்தக் கூட்டத்தின் நடுவே திறக்க அவருக்கு மனம் வரவில்லை. யாராவது தும்மினால் போதும். வெறும் ஜெல்லை ஊற்றி, நடுவில் ஊசி முனையால் ஒரு நீலப் புள்ளி மட்டும் வைத்தார். உண்மையான வேலையிலும் துணுக்குப் பக்கத்தில் அப்படி ஒரு புள்ளி வைப்பது வழக்கம். சீவும்போது இடம் காட்டும்.

இறுகிய ஜெல் வில்லை கைக்குக் கை போனது.

"அடடா, எவ்வளவு தெளிவா இருக்கு!" என்றார் பாதுகாப்பு.

விளம்பரம் படம் பிடித்தார். கட்டடப் பராமரிப்பு சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை உருவினார். "நீளம் ஒண்ணு. அகலம் ஒண்ணு. உயரம் பூஜ்யம் புள்ளி நாலு."

பதிவு அலுவலர் மடிக்கணினியில் தட்டினார். திரை பச்சையானது. அச்சுப்பொறி தையல்காரியின் எண்ணை ஒரு சீட்டில் துப்பியது. சீட்டை ஜெல் வில்லை இருந்த டப்பாவில் ஒட்டினார்கள்.

மெழுகு எழுந்தார். "மேடம், அது வெறும் ஜெல். செஞ்சு காட்டினது. துணுக்கு என் பாக்கெட்டுல இருக்கு."

"பாக்கெட்டுல இருக்கிறதோட அளவு என்ன?"

"பூஜ்யம் மேடம்."

"இதோட அளவு?"

"ஒண்ணு."

"அப்ப எது மாதிரி?"

மெழுகு குப்பியை எடுத்துக் காட்டினார். "இதுக்கு இன்னொரு சீட்டு குடுங்க மேடம். உண்மையான துணுக்குக்கு."

"ஒரு நோயாளிக்கு ஒரு எண்தான்," என்றார் பதிவு அலுவலர். "இன்னொரு எண் வேணும்னா இன்னொரு நோயாளி வேணும்."

மேடம் நிறைவுரை ஆற்றினார். "கடுகு சிறுத்தாலும் காரம் போகாதுன்னு சொல்வாங்க. ஆனா கடுகுக்கே ஒரு அளவு இருக்கு. அந்த அளவுக்குக் கீழே போறதை நாம ஊக்குவிக்கக் கூடாது. பார்க்காததை நாம ஏத்துக்க மாட்டோம். ஏத்துக்கிட்டதைத் திரும்பப் பார்க்க மாட்டோம். இந்த ரெண்டு காலுலதான் தரம் நிக்குது."

எல்லோரும் கை தட்டினார்கள். கேன்டீன்காரரும் தட்டினார். கூட்டம் முடிந்ததற்காக.

நடவடிக்கைக் குறிப்பில் மெழுகைப் பற்றி ஒரு வரி வந்தது: "தொழில்நுட்பர் தம் வேலையைத் தன்னடக்கத்தோடு குறைத்துப் பேசினார். குழு அதை ஏற்கவில்லை."

எண் கிடைத்த ஜெல் அன்று மாலையே திரவம் மாற்றி மெழுகுக்குக் கொண்டுபோகிற எந்திரத்துக்குள் போனது. எந்திரம் எண் இல்லாத எதையும் தொடாது. எண் இருந்தால் எதையும் தொடும். வியாழக்கிழமை விடிந்ததும் மெழுகே அதைச் சீவினார். வேறு ஆள் இல்லை. வெறும் மெழுகு, வெறும் ஜெல், ஒரு நீலப் புள்ளி. கணினியில் குறிப்பு என்று போட்ட கட்டத்தில் "திசு இல்லை" என்று தட்டினார். அந்தக் கட்டம் ஒரு சொல்லுக்கு மேல் ஏற்காது. "திசு" என்று நின்றது.

சீவி முடித்த கையோடு அவர் கேன்டீனுக்கு ஓடினார்.

"ஒரு சொட்டு வேணும்."

கேன்டீன்காரர் ஒன்றும் கேட்காமல் வெந்நீர்ப் பாத்திரத்தில் புட்டியை இறக்கினார். "சர்க்கரை போட்டா இது இனிக்குமாண்ணே?"

"இனிக்கும்னுதான் நினைக்கிறேன். மூச்சு விடாத."

புட்டி மூடிதான் அச்சு. மெழுகு குப்பியைச் சாய்த்தார். துணுக்கைச் சொட்டுக்குழாயால் உறிஞ்சி, மூடியில் விட்டு, திரவத்தை ஒற்றி எடுத்தார். ஜெல் ஒரு சொட்டு. பக்கத்தில் நீலம் ஒரு புள்ளி. கேன்டீன்காரர் கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றார். இறுகியது.

"அவ்வளவுதானா?" என்றார், மூச்சை விட்டு.

"அவ்வளவுதான்."

"நாலு நிமிஷம்கூட ஆகலையே. நேத்து ரெண்டு மணி நேரம் ஆச்சு."

"நேத்து குழு இருந்துச்சு."

எந்திரம் இதை ஏற்காது. கையாலேயே ஒவ்வொரு திரவமாக மாற்றினார். சாயங்காலம் மெழுகில் பதித்தார். அந்த நேரத்தில் கணினியில் எண் உள்ள ஜெல்லின் அறிக்கை வந்திருந்தது. அச்செடுத்துப் படித்தார்.

நிறம் பிடித்த செல்கள்: 0. பரிந்துரை: கண் அகற்றம்.

இரண்டு முறை படித்தார். அதை எழுதிய திசுக்கூட டாக்டரைத் தேடி ஓடினார். டாக்டர் பிழையில்லா அறிக்கை எழுதுவது பற்றிய பயிற்சிக்குப் போயிருந்தார். நாளை காலைதான் வருவார். தரம் மேடத்திடம் ஓடினார். மேடம் பொறுமையாகக் கேட்டார். "அவசரக் கூட்டம் போட்டுடலாம். அவசரக் கூட்டத்துக்கு மூணு வேலை நாள் முன்னாடி சொல்லணும். செவ்வாய்க்கிழமை வசதியா?"

"ஆபரேஷன் நாளைக்கு மேடம்."

"பரவாயில்லை. கூட்டத்துக்கு நோயாளி வர வேண்டியதில்லை."

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கே மெழுகு வந்துவிட்டார். கையாலேயே சீவினார். கையாலேயே ஸ்லைடில் ஒட்டினார். சாயம் பிடிக்க வைக்கும் முதல் மருந்தை ஊற்றிக் காத்திருந்தார். ஒரு மணி நேரம். கழுவினார். அடுத்த மருந்து, அரை மணி. அறையின் குறுக்கே நடந்தார். ஜன்னல் வரை ஒன்பது அடி, கதவு வரை ஒன்பது அடி. கடிகாரத்துக்குக் கீழே நின்றால் முள் நகரவே இல்லை. திரும்பி நின்றால் குதித்தது. கழுவினார். கடைசியாகச் சாயம். மைக்ராஸ்கோப்பில் வைத்துக் குனிந்தார்.

ஜெல் வெறுமையாக, வெளிறிக் கிடந்தது. நடுவில், நீலப் புள்ளிக்கு அருகே, நானூறு ஐந்நூறு செல்கள். அத்தனையும் பழுப்பு. காய்ந்த இலை நிறம்.

மருந்திலேயே கரைகிற கட்டி.

மணி பத்து ஐந்து. திசுக்கூட டாக்டரின் அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்தார்.

"சார், நேத்து நீங்க பார்த்த ஸ்லைடுல செல்லே இல்லை."

"ஆமா," என்றார் டாக்டர். "ஒண்ணுகூட இல்லை. சுத்தமா இருந்துச்சு. நல்ல வேலை."

"அப்ப கண்ணை எடுக்கச் சொல்லி எப்படி சார் எழுதினீங்க?"

"நான் எழுதலை. நிறம் பிடிச்ச செல் எத்தனைன்னு படிவம் கேட்டுது. பூஜ்யம்னு போட்டேன். பூஜ்யம் போட்டா கண் அகற்றம்னு அதுவே போட்டுக்கும். செல் இருந்துச்சான்னு படிவம் கேட்கலையே. கேட்டிருந்தா இல்லைன்னு சொல்லியிருப்பேன். நான் எதையும் மறைக்கிற ஆளு இல்லை."

மெழுகு ஸ்லைடை நீட்டினார். "இதுதான் சார் நிஜம். ஒரே ஒரு தடவை பாருங்க."

டாக்டர் ஸ்லைடின் ஓரத்தைப் பார்த்தார். "எண் எங்கே?"

"இல்லை சார்."

டாக்டர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். கெட்டவர் இல்லை. முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. "புரிஞ்சுக்கோங்க. பார்த்தா தெரிஞ்சுடும். தெரிஞ்சுட்டா எழுதணும். எழுத இடம் இல்லை. தெரிஞ்சும் எழுதாத டாக்டரா என்னை ஆக்காதீங்க."

பத்து இருபது. மெழுகு திசுக்கூடத்துக்குத் திரும்பினார். புது மைக்ராஸ்கோப்பை மேசையோடு திருகி வைத்திருந்தார்கள். அலமாரியின் மேலே பழையது ஒன்று இருந்தது. ஒற்றைக் குழாய், கண்ணாடியைத் திருப்பி ஜன்னல் வெளிச்சம் பிடிக்கிற வகை. தூசியை ஊதினார். அதைப் பச்சைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு, பையில் ஸ்லைடோடு, படி ஏறினார். லிப்டுக்குக் காத்திருக்க அவரால் முடியவில்லை.

ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே, ஜன்னலோரம், தள்ளுகட்டிலில் தையல்காரி உட்கார்ந்திருந்தாள். பச்சை அங்கி. இஞ்ச் டேப்பை யாரோ கழற்றிவிட்டார்கள். வலது புருவத்துக்கு மேல், எந்தக் கண் என்று குழப்பம் வரக் கூடாதென்று, பேனாவால் ஒரு நீலப் புள்ளி வைத்திருந்தார்கள்.

கண் டாக்டர் கையுறை போடும் முன் கையை உயர்த்தி நின்றுகொண்டிருந்தார். தரம் மேடமும் இருந்தார். குழுவின் முதல் மாதிரி முழுப் பயணத்தையும் முடிப்பதைப் படம் பிடிக்க விளம்பரத்தையும் அழைத்து வந்திருந்தார்.

மெழுகு மைக்ராஸ்கோப்பை ஜன்னல் திட்டில் வைத்தார். ஸ்லைடைச் செருகினார். மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். இரண்டு ஜெல், ஒரு எண், வெறும் புள்ளி, பழுப்பு. நான்கு வாக்கியம்தான். பதினேழு வருடத்தில் அவர் அந்த மாடியில் பேசியது அதுதான் அதிகம்.

சுவரில் சாய்ந்து நின்ற தம்பி நிமிர்ந்தான். "என்ன சார் சொல்றீங்க? எங்க அக்கா கண்ணை எடுக்கச் சொன்ன காகிதத்துல எங்க அக்காவே இல்லையா?"

கண் டாக்டரின் உயர்த்திய கைகள் அப்படியே நின்றன. அவர் மைக்ராஸ்கோப்பைப் பார்த்தார். பிறகு மேடத்தைப் பார்த்தார். "இதுல நான் ஒரு பார்வை பார்க்கலாமா?"

"தாராளமா," என்றார் மேடம். "செவ்வாய்க்கிழமை கூட்டத்துல முடிவானதும்."

"தியேட்டர் பதினொரு மணிக்கு."

"அதை நாங்க தடுக்கலையே டாக்டர். தரம் எந்த வேலையையும் தடுக்கிறதில்லை."

கண் டாக்டர் ஓரடி முன்னால் வைத்தார். நின்றார். சுவர்க் கடிகாரத்தில் பத்து நாற்பத்திரண்டு. விளம்பரம் கேமராவை இறக்குவதா தூக்குவதா என்று தெரியாமல் வயிற்றருகே பிடித்துக்கொண்டிருந்தார். யாரும் ஜன்னல் பக்கம் போகவில்லை.

தையல்காரி தள்ளுகட்டிலிலிருந்து காலைக் கீழே விட்டாள். வெறுங்காலில் இரண்டு எட்டு. ஒற்றைக் குழாய்க்கு முன்னால் நின்று, ஊசிக்கு நூல் கோக்கிறவள் போலத் தலையைச் சாய்த்து, மங்கல் கண்ணைக் கையால் மூடிக்கொண்டாள்.

"அண்ணே, இதுல பாக்க ஒரு கண்ணு போதும்தானே? அது போறதுக்குள்ள நானே பாத்துடட்டுமா?"